கடைசி இடுக்கு

அத்தியாயம் பதினொன்று

பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை அழும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? போன வாரம் இந்தக் கேள்வியோடுதான் இராஜம்மாவை விட்டு வந்தோம். நாம் வந்துவிட்டோம், நிம்மதியாகத் தூங்கியும் இருப்போம். அவள் தூங்கவில்லை.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வரிசையில், ஐந்தாவது வீடு இராஜம்மாவுடையது. புருஷன் அய்யாவு, செந்தூல் பட்டறையில் ரயில் பெட்டிகளுக்குத் தச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. தங்கை கோமதி கேரி தீவில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போதே புருஷன் தம்புசாமி மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, மாமனார் பக்கிரிசாமி கங்காணி ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்தார். பேரன் தன்னோடு கப்பலேறுவான், ராசிகெட்டவள் இங்கேயே கிடக்கட்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஐம்பது நாள் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு கோமதி அக்கா வீட்டுக்கு ஓடிவந்து இன்றோடு ஒன்பது நாள்.

கப்பல் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. துறைமுகத்துக்குப் போகிற ரயில் கோலாலம்பூரில் மத்தியானம் ஒன்றரைக்கு. கங்காணி இங்கே தேடி வந்தாலும் அந்த ரயிலில் திரும்பியாக வேண்டும், ஏறிவிட்டால் பிள்ளை தாய்க்குத்தான். அதுவரை அவன் அழுகை நாலு சுவரைத் தாண்டி வெளியே போகக்கூடாது. இராஜம்மா கடவுளிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

காலை ஆறரை மணிக்குப் பைப்படியில் அவள் வாளியை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை, கேள்வி வந்தது.

"ஏன் இராஜம்மா, பூனைக்குட்டி வளக்கிறியா?"

கேட்டவள் அடுத்த வீட்டு நல்லம்மாள். ஸ்டேஷனில் வேலை பார்க்கும் ரெங்கசாமியின் மனைவி. மனசு நல்ல மனசுதான். ஆனால் அவளுடைய காதும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன, நடுவில் ஒரு தடுப்புக்கூடக் கிடையாது.

"பூனையா? இல்லையேக்கா."

"விடியக்காலம் கத்துச்சே! லேசாத்தான். மேல, ஓட்டுப் பக்கத்துல இருந்து. எங்கவரும் கேட்டாரு. 'அய்யாவு வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு போல'ன்னு சிரிச்சிக்கிட்டேதான் டூட்டிக்குப் போனாரு."

இராஜம்மா குழாயை மூடினாள். பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஓடினால் நல்லம்மாள் பார்ப்பாள் என்பதற்காகத்தான் நடந்தாள்.

அய்யாவு பட்டறைக்குக் கிளம்பித் தோளில் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா இடுக்கையும் அடைச்சிட்டேன்னு சொன்னீங்களே! நல்லம்மா அக்கா கேட்டிருக்கு. ரெங்கசாமி அண்ணனும் கேட்டிருக்காரு!"

அவர் முகம் விழுந்துவிட்டது. தன் வேலையில் குறை சொன்னால் தாங்காத மனுஷன்.

"எங்க இருந்து கேட்டுச்சாம்?"

"மேல, ஓட்டுப் பக்கம்."

"அப்ப அதுதான்." பையை இறக்கி வைத்தார். "ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டு வச்சேன் இராஜம்மா. காத்துக்கு."

அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையில்தான் தாயும் பிள்ளையும். முதல் இரண்டு நாளும் அய்யாவு சுவரோடு மல்லுக்கட்டினார். பழைய மெத்தை, கோணிச்சாக்கு, ரயில் பெட்டி ஆசனங்களிலிருந்து கழித்துப்போட்ட தேங்காய் நார் என்று கிடைத்ததையெல்லாம் பலகைச் சுவரில் வைத்து அறைந்தார். அக்கம்பக்கத்தில் அலமாரி செய்கிறேன் என்று சொல்லிவைத்தார். அலாரம் கடிகாரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேட்டால், அது காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு டிக் டிக்கென்று அடித்தது.

மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. சுவர் எத்தனை தடிமன் என்பது பெரிசில்லை, எங்கே இடுக்கு இருக்கிறது என்பதுதான் பெரிசு. பட்டப்பகலில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றார். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிந்ததோ அங்கெல்லாம் கரித்துண்டால் குறி போட்டார். வெளிச்சம் வருகிற வழியில் சத்தமும் போகும் என்பது அவர் கணக்கு. நாற்பத்திரண்டு குறிகள்! பலகைச் சந்துகளுக்கு, மரவள்ளி மாவுப் பசையில் ஊறவைத்த காகிதக் கூழ். சுவர் முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில், வரிசை முழுக்க ஒரு வீட்டுப் பேச்சு மறு வீட்டுக்குப் போகும் அந்தத் திறப்புக்குப் பலகையும் நாரும், அதன்மேல் படகுக்குப் பூசும் டாமார் பிசின். ஜன்னல் கதவுக்கு ஆணி. அறைக்கதவின் நாலு விளிம்பிலும் ரப்பர் ஷீட்டை விரல் அகலத்துக்கு நறுக்கி ஒட்டினார். கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினால் ரப்பர் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

ஏழாம் நாள் கடிகாரச் சத்தம் நின்றுவிட்டது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கதவில் ஊசி அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரு நூலும் விட்டு, சுற்றிலும் மெழுகு வைத்து அடைத்திருந்தார். நூலின் உள்நுனி கோமதியின் மணிக்கட்டில். வெளிநுனி சமையல்கட்டு நிலையில், சல்லடை மாட்டும் ஆணியில். வெளியிலிருந்து ஒரு இழுப்பு வந்தால், ஆள் வந்திருக்கிறது, அசையாதே என்று அர்த்தம். உள்ளிருந்து இரண்டு இழுப்பு வந்தால், சரி என்று அர்த்தம்.

அத்தனையும் செய்துவிட்டு, மேலே ஓட்டுக்கடியில் ஒரு உள்ளங்கை அகலத்தை மட்டும் அய்யாவு திறந்து வைத்திருந்தார். அந்த வழியாகத்தான் பூனை கத்தியது.

"அடைச்சிருங்க அத்தான்," என்றாள் கோமதி. பிள்ளை அவள் மடியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். "ஒரு பகல்தானே? கப்பல் போயிட்டா எல்லாத்தையும் பிச்சி எறிஞ்சிடலாம்."

அய்யாவு ஏணியில் ஏறினார். நாரைத் திணித்தார், பலகை வைத்தார், பிசினைப் பூசினார். இறங்கி வந்தவர் உடனே நகரவில்லை. அண்ணாந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இராஜம்மா, நல்லா கேட்டுக்க. மணிக்கு ஒரு தரம் கதவைத் தொறந்து காத்து விடணும். உள்ள விளக்கு ஏத்தவே கூடாது. விளக்கு இருக்கிற காத்தைத் தின்னுரும். நான் தொரைகிட்ட அரை நாள் லீவு கேட்டிருக்கேன், பன்னண்டு மணிக்கு வந்திருவேன். வேற சூசா, தொந்தரவு ஒண்ணும் வராது."

விளக்கைப் பற்றி நினைத்தார். அவர் நினைக்க மறந்தது ஒன்று இருந்தது. இராஜம்மாவும் மறந்தாள், பெற்றவளும் மறந்தாள். மூன்று பேரையும் நான் என்னவென்று திட்டுவது? பயத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரே பக்கம்தான் கண் போகிறது.

எட்டு மணிக்கு இராஜம்மா கதவைத் திறந்துவிட்டாள். ஒன்பது மணிக்கும் திறந்தாள். ரப்பர் விட்டுப் பிரியும்போது சர்ரென்று தோல் உரிகிற மாதிரி சத்தம் வந்தது. வெயில் ஏற ஏற ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது, கதவு ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது.

பத்து மணி பிள்ளைக்குக் குளிக்கும் நேரம். ஒன்பது நாளும் அறைக்குள்ளேயே குளியல், குளித்ததும் தலைக்குச் சாம்பிராணிப் புகை. தலை ஈரத்தோடு பிள்ளையைப் படுக்கவிட்டால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் இன்னும் அழுவான். இராஜம்மா வெந்நீர்ப் பானையை உள்ளே கொடுத்தாள். தூபக்காலில் சிரட்டைக் கரிக் கங்கு நிறைய எடுத்துப் போட்டாள், சாம்பிராணிப் பொட்டலத்தோடு அதையும் உள்ளே நீட்டினாள். கோமதி குளிப்பாட்டி, புகை காட்டி முடித்துக் கதவைத் தட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்தது, கை அதுபாட்டுக்குச் செய்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது.

இராஜம்மா எட்டிப் பார்த்தாள். பக்கிரிசாமி கங்காணி இறங்கிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் பிரம்பு. போன தடவை இரண்டு ஆட்களோடு வந்து தெருவில் நின்று கத்திவிட்டுப் போனவர் இன்று தனியாக வந்திருந்தார். ரிக்‌ஷாக்காரச் சீனனை வேலியோரம் நிழலில் நிற்கச் சொன்னார்.

இராஜம்மா சல்லடைக்குப் பின்னால் கையை விட்டு நூலை ஒரு தரம் இழுத்தாள். உள்ளிருந்து இரண்டு இழுப்பு வந்தது. பிறகுதான் வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மாமா. அவரு வேலைக்குப் போயிருக்காரு."

"தெரியும். ஆம்பள இல்லாத வீட்டுல அறை அறையாப் பூந்து தேடுறவன் நான் இல்ல. வாசக் கதவு தொறந்தே கிடக்கட்டும். நான் இந்தப் பெஞ்சுல உக்காந்துக்கிறேன்."

"கோமதி இங்க இல்ல மாமா. அன்னிக்கே சொன்னேனே."

"நான் இப்ப கேட்டனா?" அவர் பிரம்பைச் சுவரில் சாய்த்தார். "காலையில கிள்ளான் வண்டியில வந்து எறங்கினேன். ஸ்டேஷன்ல ஒருத்தர்கிட்ட அய்யாவு வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். பூனை குட்டி போட்ட வீடான்னு கேட்டுச் சிரிக்கிறாரு."

இராஜம்மா வாசற்கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள்.

"பச்சப் புள்ள ஆத்தா அது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பசிக்கும். பசிச்சா அழும். இங்க இருந்தா அழட்டும், என் காதால கேட்டுக்கிறேன். அழலைன்னா ஒன்றரை வண்டிக்கு நான் பாட்டுக்குப் போயிடுறேன். உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

அதோடு கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்துகிறவரை எதிர்த்துக் கத்திவிடலாம். தேடுகிறவரை மறிக்கலாம். காதைத் தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவரை என்ன செய்வது? இராஜம்மா சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து அவரும் தெரிந்தார், சாமான் அறைக் கதவும் தெரிந்தது.

"கோப்பி போடவா மாமா?"

"வேணாம். அடுப்படியில உருட்டினா எனக்குச் சரியாக் கேக்காது."

அவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன, வீட்டுக்குள்ள ரப்பர் ஷீட் வாசனை வருது?"

"ரயில் பெட்டி ஜன்னலுக்கு அடிக்கிறது மாமா. மிச்சத்தை இங்கதான் போட்டு வச்சிருக்காரு." பொய் தடுக்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

பக்கத்து வீட்டில் நல்லம்மாள் அம்மிக்கல்லை இழுத்துப் போட்டாள். தூரத்தில் சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கங்காணியின் தலை லேசாகத் திரும்பியது. சாமான் அறையிலிருந்து ஒன்றுமே வரவில்லை. ஒரு சிணுங்கல்கூட இல்லை. இராஜம்மா மனசுக்குள் புருஷனைக் கும்பிட்டாள். என்ன வேலை செய்திருக்கிறார் இந்த மனுஷன்!

நேரம் நகர்ந்தது. கங்காணி தானாகவே பேச ஆரம்பித்தார். அவளிடம் பேசினாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

"தம்புசாமி பொறந்தப்ப சத்தமே இல்ல. நீலம் பாரிச்சுக் கிடந்தான். மருத்துவச்சி தலைகீழாப் புடிச்சி உள்ளங்கால்ல சுண்டிச் சுண்டி விட்டா. ரொம்ப நேரங் கழிச்சி வீல்னு ஒரு சத்தம். தோட்டத்து லயத்து வாசல்ல நின்னு அதைக் கேட்டேன் பாரு, அதுதான் என் காதுக்குக் கெடச்ச நல்ல சத்தம். அப்புறம் அந்த மாதிரி ஒண்ணு கேக்கல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவனை இந்த மண்ணுல பொதைச்சிட்டேன். அவன் புள்ளையையாவது கொண்டுபோயி எங்க ஊரு மண்ணுல நடக்க விடணும்."

அவர்மேல் இரக்கம் வரக்கூடாது என்று இராஜம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பெற்றவளிடமிருந்து பால்குடிப் பிள்ளையைப் பிடுங்குகிறவரிடம் என்ன இரக்கம்?

சுவர் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேமுக்கால். அவர் வந்து அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளை இந்நேரம் குளித்து, பால் குடித்து, தூங்கியிருப்பான். நல்ல வேளை, சாம்பிராணி வாசனைகூட இந்தப் பக்கம் வரவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பத்து மணிக்குச் சாம்பிராணி எதற்கு என்று அவர் கேட்டிருந்தால்?

அந்த நினைப்பிலேயே அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசனை வரவில்லை. இத்தனை நாளும் வீடு முழுக்க மணந்த சாம்பிராணி இன்று ஒரு துளிகூட மணக்கவில்லை. ஏன்? புகை போக வழியில்லை. புகைக்கு வழியில்லை என்றால் காற்றுக்கும் இல்லை. விளக்கு காற்றைத் தின்னும் என்றாரே, கரி என்ன செய்யும்?

போன வருஷம் அய்யாவுதான் சொன்னார். அம்பாங் ஈயச் சுரங்கத்துக் கூலிகள் இரண்டு பேர் மழைக் குளிருக்குக் கரியடுப்பைக் குடிசைக்குள் வைத்துக்கொண்டு கதவடைத்துப் படுத்தார்களாம். காலையில் கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம். தூங்குகிற மாதிரியே கிடந்தார்களாம்.

இராஜம்மா நூலை இழுத்தாள். பதில் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். மூன்றாவது தரம் கொஞ்சம் பலமாக இழுத்தாள். நூல் வந்தது, கூடவே ஒரு கனமும் வந்தது. அது கோமதியின் கை. தூங்குகிறவளின் கை என்றால் தூக்கத்திலாவது இழுத்துக்கொள்ளும். இது வந்தது, விட்டதும் அப்படியே விழுந்தது.

நூல் இராஜம்மாவின் கையிலிருந்து நழுவியது. தானே கங்கு எடுத்துப் போட்டாள். தானே நீட்டினாள். தானே தோளைக் கொடுத்துச் சாத்தினாள்.

பன்னிரண்டு மணிக்கு அய்யாவு வருவார். ஒரு மணிக்கு மேல் இவர் கிளம்புவார். இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாமா? ஏதாவது சாக்குச் சொல்லி இவரை வாசல் வரை அனுப்பலாமா? கோமதி அசந்து தூங்கியிருக்கலாம் இல்லையா? ஒன்பது நாள் கெட்ட தூக்கம் அது. கதவைத் திறந்தால் பிள்ளை போய்விடும். திறக்காவிட்டால்? அவள் மனசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடித்துக்கொண்டது. ஒன்பது நாளாக அவள் மடியிலும்தான் அந்தப் பிள்ளை கிடந்தான். அவள் தோளில்தான் ஏப்பம் விட்டான்.

யாரிடம் போனாலும் போகட்டும், உயிரோடு இருக்கட்டும்.

அவள் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. உள்ளே வெந்நீரின் ஆவியும் கரியின் சூடும் சேர்ந்து ரப்பரை இளக்கிவிட்டன, கதவும் நிலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கை வழுக்கிக் கீழே விழுந்தாள்.

"என்ன ஆத்தா, என்ன பண்றே?" கங்காணி எழுந்துவிட்டார்.

"மாமா!" அவள் விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். "உள்ளதான் இருக்காங்க. கோமதியும் புள்ளையும் உள்ளதான் இருக்காங்க. கங்கு இருக்கு மாமா உள்ள. காத்து இல்ல. கதவு வரல, ஒரு கை குடுங்க!"

ஒரு கணம் அவர் அவளையே பார்த்தார். பிறகு தலைப்பாகை தரையில் விழுந்தது, அவர் அதை மிதித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாகக் கைப்பிடியைப் பற்றி இழுத்தார்கள். கைப்பிடி பெயர்ந்து வந்துவிட்டது. அவர் பிரம்பை எடுத்து விளிம்பில் நுழைத்து நெம்பினார். பிரம்பு முறிந்தது. விரல் நகங்களை ரப்பருக்குள் கொடுத்து, அந்த அறுபது வயசு மனுஷன் ஒரு சத்தம் போட்டு இழுத்தார். சர்ரென்று நீளமாக உரிந்து கதவு திறந்தது.

வெள்ளைப் புகை மொத்தமாக வெளியே வந்தது. அத்தனை சாம்பிராணி வாசனையும் சேர்ந்து இராஜம்மாவின் முகத்தில் அறைந்தது.

கோமதி சுவரோரம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது. பிள்ளை ஈரத் துணியோடு அவள் தொடையில் கிடந்தான், கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கோமதி எழுந்து கதவைத் தட்டப் பார்த்திருக்க வேண்டும், கவிழ்ந்த பானையின் தண்ணீர் கதவு வரைக்கும் ஓடியிருந்தது. தட்டினாளா? கத்தினாளா? அதற்கு அப்பால் நாலு அடியில்தான் இராஜம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

கங்காணி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இராஜம்மா தங்கையின் கக்கங்களில் கை கொடுத்துத் தரதரவென்று இழுத்தாள். கூடம், வாசற்படி, முற்றத்து மண். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ!

"நல்லம்மா அக்கா! தண்ணி! யாராச்சும் வாங்களேன்!" ஒன்பது நாளாகக் குரலைத் தாழ்த்தியே பேசிய வீட்டிலிருந்து அப்படியொரு கூச்சல். வரிசையில் எட்டு வீட்டுக் கதவும் திறந்தன.

நல்லம்மாள் குடத்தோடு ஓடி வந்தாள். வந்தவள் கங்காணியின் கையைப் பார்த்தாள். "ஐயோ, புள்ளையா அது? பூனையில்லையா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோமதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீரை அறைந்தாள்.

கங்காணி பிள்ளையின் இரண்டு கால்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்திருந்தார். மறு கையால் உள்ளங்காலில் சுண்டினார். சத்தம் இல்லை. திருப்பி மூக்கில் வாய் வைத்து ஊதினார். மறுபடி சுண்டினார்.

"அழுடா! டேய் தம்புசாமி மவனே, அழுடா!"

இராஜம்மா அவர் காலடியில் மண்டியிட்டாள். ஒன்பது நாளாக அந்த வாயைத்தான் பொத்தினாள். ராத்திரியில் எத்தனை தரம் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருப்பாள்!

"அழு ராசா. ஊரே கேக்கட்டும். கத்துடா என் தங்கம்."

மறுபடி ஒரு சுண்டு. மறுபடி ஒரு ஊதல். பிள்ளையின் வயிறு ஒரு தரம் உள்ளே போனது. முகம் சுருங்கியது. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு வந்து, இருமல் வந்து, பிறகு அந்தச் சத்தம் வந்தது. கீச்சென்று தொடங்கி வீலென்று உயர்ந்தது. ரயில்வே வரிசை முழுக்க, தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

இராஜம்மா மண்ணில் நெற்றியை வைத்து அழுதாள்.

கோமதி இருமினாள், வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணில் முதலில் பட்டது மாமனார். அவர் தோளில் அவள் பிள்ளை. எழப் பார்த்தாள், முடியவில்லை. அவர் பக்கமாகக் கையை மட்டும் நீட்டினாள். மணிக்கட்டில் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கங்காணி அந்த நூலைப் பார்த்தார். திறந்துகிடந்த கதவு வழியாக உள்ளே மெத்தையும் நாரும் பிசினும் அப்பிய சுவர்களைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட இருந்து காப்பாத்தவா இப்படி அடைச்சி வச்சீங்க?"

இராஜம்மா முந்தானையால் தங்கையின் வாயைத் துடைத்தாள்.

பிள்ளை தலையை அப்படியும் இப்படியும் திருப்பி அவர் கோட்டுப் பொத்தானை வாயால் தேடினான். கிடைக்காத கோபத்தில் இன்னும் உரக்க அழுதான். அவர் பொத்தானைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த மருமகளைப் பார்த்தார்.

"அவளையும் ரிக்‌ஷாவுல ஏத்துங்க," என்றார்.

நல்லம்மாளும் இன்னொரு பெண்ணுமாகக் கோமதியைத் தூக்கினார்கள். ரிக்‌ஷாக்காரன் ஓடி வந்து வண்டியைத் திருப்பி நிறுத்தினான். கோமதியை ஏற்றி உட்காரவைத்ததும், கங்காணி பிள்ளையோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையை அவள் மடியில் கொடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

இராஜம்மாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அந்தத் தெருவில் போகிற வழி ஒன்றுதான்.

"எங்க மாமா? ஆஸ்பத்திரிக்கா, கப்பலுக்கா?"

அவர் கடிகாரத்தை மூடிக் கோட்டுப் பைக்குள் போட்டார். ரிக்‌ஷாக்காரன் முன்தண்டுகளைத் தூக்கினான். இராஜம்மா குறுக்கே பாய்ந்து இரண்டு தண்டுகளையும் பிடித்துக்கொண்டாள். கதவோடு போராடியதில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, அதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"சொல்லுங்க மாமா. சொன்னாத்தான் கையை எடுப்பேன்."

பிள்ளை விடாமல் வீறிட்டான். நல்லம்மாள் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி, "ச்சூ, ச்சூ, சும்மா இருடா கண்ணு," என்றாள்.

"வேணாம்க்கா," என்றாள் இராஜம்மா. தண்டிலிருந்து கையை எடுக்கவில்லை, கங்காணியின் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. "அழட்டும். இனிமே அவன் வாயை யாரும் அடைக்காதீங்க."